உப்புமூட்டை

பொழுது விடிந்தும் விடியாத நேரத்தில் காந்தா அடுப்பு முன்னால் குந்தி, மண்சட்டியில் கல்லுப்பை வறுத்துக்கொண்டிருந்தாள். உப்பு படபடவென்று வெடித்துச் சட்டிக்கு வெளியே துள்ளியது. இந்த உப்பு சூடேறி, துணியில் மூட்டையாகி, பிடரியில் போய் உட்கார்ந்தால்தான் அவளால் இன்றைக்குத் தலையை நிமிர்த்தி யாரிடமாவது பேச முடியும். பேசுவதற்கு யார் இருக்கிறார்கள் என்பது வேறு விஷயம். ஊர் மொத்தமும் சாமைக் கொல்லைக்கு அந்தப் பக்கம், தங்கச்சி சகுந்தலாவின் வீட்டு வாசல் பந்தலில் கூடியிருந்தது. ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள் முகூர்த்தம். கல்யாணப் பெண் கலைவாணி சகுந்தலாவின் மகள். ஆனால் மூன்று வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை அவளை வளர்த்தவள் காந்தா. அந்தக் கழுத்தில் தாலி ஏறுவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு இந்தக் கல்யாணத்தில் வேறு ஆசை கிடையாது. அந்த ஒன்றுக்குத்தான் வராதே என்று நேற்றுச் சாயங்காலம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

வராதே என்ற வார்த்தையை யாரும் வாயால் சொல்லவில்லை. அப்படிப் பட்டென்று சொல்ல சகுந்தலா ஒன்றும் விவரம் கெட்டவள் அல்ல. கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தாள். பழத்தைக் கீழே வைக்காமலேயே பேசினாள்.

“அக்கா, தாலி கட்ற நேரத்துக்கு மட்டும் நீ வூட்டாண்டயே இரு. அப்பால சாப்பாட்டுக்கு வந்துடு. நான் ஆளனுப்புறேன்.”

“ஏன்டி?”

“சம்பந்தியம்மா அதெல்லாம் பாக்குறவங்க. அவங்க மலைய வுட்டுக் கீழ எறங்கி இருவது வருசமாச்சு இல்ல? நல்ல காரியத்துல எதுருல நிக்கக்கூடாதுன்னு… உனுக்குத் தெரியாததா.”

காந்தாவுக்குத் தெரியாததுதான். அவள் புருஷன் கண்ணாயிரம் புளி உலுக்க ஏறி மரத்திலிருந்து விழுந்து செத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. இந்தப் பதினோரு வருஷத்தில் இந்த ஊரில் நடந்த எல்லாக் கல்யாணத்திலும் அவள் மணையை ஒட்டி நின்று அரிசி போட்டிருக்கிறாள். புருஷன் இல்லாதவள் தள்ளி நிற்க வேண்டும் என்று இங்கே யாரும் சொன்னதில்லை. சந்தவாசலில் உரக்கடை வைத்திருக்கும் சம்பந்தி வீட்டோடு அந்த வழக்கமும் வேன் ஏறி மலைக்கு வந்திருந்தது. அவர்களும் வேற்று மனுஷர்கள் இல்லை. இதே மலையில் சாமை விதைத்துக்கொண்டிருந்த சனம்தான். இருபது வருஷத்தில் கீழே உள்ளவர்களைவிடக் கீழே உள்ளவர்கள் ஆகிவிட்டார்கள்.

“கலைக்குத் தெரியுமா?” என்று மட்டும் கேட்டாள் காந்தா.

சகுந்தலா பழச்சீப்பைக் கீழே வைத்தாள். “அதுக்கு ஆயிரம் வேல. அது எதுக்கு இப்ப” என்றாள். போய்விட்டாள்.

அந்தப் பேச்சுக்குப் பிறகு படுத்தவள்தான், காலையில் கழுத்து பிடித்துக்கொண்டது. புதுசு ஒன்றும் இல்லை, பழைய வலிதான். வருஷத்தில் நாலைந்து தடவை வந்து தங்கிவிட்டுப் போகும். ஜமுனாமரத்தூர்ச் சந்தைக்குப் போன ஒரு நாள், அங்கே நர்ஸாக இருக்கும் அருணாவிடம் காட்டினாள். அந்தப் பெண் பொறுமையாகப் பிடரியில் விரல் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“எலும்பு தேஞ்சிருக்கும்மா. தலச்சுமை இனிமே வேணாம். தலகாணிய ஒசரமா வெக்காதீங்க. வலி வந்தா சுடு உப்பு ஒத்தடம் குடுங்க, அப்பால மெதுவா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்புங்க. கை மரத்துப் போச்சுன்னா ஒடனே வந்துடணும். யாராவது சொடக்கு எடுக்கறேன்னு கழுத்தப் புடிச்சித் திருப்பினா மட்டும் வுடாதீங்க.”

அதைக் கேட்டுக் காந்தா சிரித்துவிட்டாள். நர்ஸ் வெளியூர், பாவம், யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல் சொல்லிவிட்டது. சுற்றுப்பட்டு ஏழெட்டு ஊருக்குச் சுளுக்கெடுக்கிறவளே காந்தாதான்.

அவள் கால் முன்னே வந்து பிறந்தவள். தலை வர வேண்டிய இடத்தில் கால் வந்தது, அவள் அம்மா பிழைத்ததே பெரிய விஷயம். அப்படிப் பிறந்தவர்கள் காலால் இழுத்துவிட்டால் பிடிப்பும் சுளுக்கும் ஓடிவிடும் என்று ஊர் நம்பிக்கை. ஏழு வயதிலிருந்து கூப்பிடுகிறார்கள். வலிக்காரர் குப்புறப் படுக்க வேண்டும். விளக்கெண்ணெய் தொட்ட வலது காலால், பிடரியில் தொடங்கித் தோள்பட்டை வரைக்கும் அவள் மூன்று தடவை இழுப்பாள். மூன்றாவது இழுப்பு முடிந்ததும் அவள் வாயைத் திறக்கக் கூடாது. அப்படியே கிளம்பி வீடு போய்ச் சேர வேண்டும், வழியில் திரும்பிப் பார்க்கவும் கூடாது. திரும்பிவிட்டால் எடுத்த பிடிப்பு மறுபடி அந்தக் கழுத்திலேயே போய் ஏறிக்கொள்ளும். இத்தனை வருஷத்தில் எத்தனை கழுத்துகள் அவள் காலடியில் கிடந்திருக்கின்றன! ஊர்ப் பெரியதனக்காரர் கழுத்து, பள்ளிக்கூடத்து வாத்தியார் கழுத்து, சண்டைக்கு வந்து வேலியைப் பிடுங்கிப் போட்டவன் கழுத்து. எல்லாக் கழுத்தும் மூன்று நாளில் சரியாகிவிடும். மூன்று நாளில் தானாகவே போகிற வலிக்கு மூன்று இழுப்பு இழுத்துப் பேர் வாங்கிக்கொண்டிருக்கிறோம் என்பது அவளுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன செய்ய? கூப்பிட்டால் போகிறாள். அவள் கழுத்துக்கு இழுத்துவிடத்தான் கால் முன்னே பிறந்த இன்னொருத்தி இந்த மலையில் இல்லை.

திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதும் பொய். அதைத் தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர்.

சகுந்தலாவும் அவள் புருஷன் புருஷோத்தமனும் குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போனபோது கலைவாணிக்கு மூன்று வயது. ஆறு மாதத்தில் வந்துவிடுகிறோம் என்றார்கள். ஒன்பது வருஷம் ஆயிற்று. காந்தாவுக்குப் பிள்ளை இல்லை. குழந்தை முதல் மாதத்திலேயே அவளை அம்மா என்று கூப்பிடத் தொடங்கியது. யாரும் சொல்லிக் கொடுக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. பள்ளிக்கூடம் அடுத்த ஊரில், நடுவில் ஓடை. மழைக்காலத்தில் குழந்தையை முதுகில் உப்புமூட்டை தூக்கிக்கொண்டு ஓடையைத் தாண்டுவாள். இரண்டு சின்னக் கைகள் அவள் கழுத்தைக் கட்டிக்கொள்ளும். “உப்பு வாங்கலியா உப்பு” என்று காந்தா கூவ, முதுகில் இருக்கும் உப்பு கெக்கெக்கே என்று சிரிக்கும். “என்ன வித்துடுவியாம்மா?” என்று கேட்கும். “யாரு வாங்குவா உன்ன, ஒரே கரிப்பு” என்பாள். பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது தலையில் விறகுக்கட்டு. இப்படி எத்தனை மழைக்காலம். இப்போது வலிக்கிற இடம் அந்தக் கைகள் கட்டிக்கொண்ட இடம்தான். அதை நர்ஸிடம் சொல்லவா முடியும்?

கலைவாணிக்கு ஆறு வயதில் ஒரு நாள் கழுத்து பிடித்துக்கொண்டது. புத்தகப்பையைத் தலைக்கு வைத்துத் தூங்கியதால் வந்தது. காந்தா மூன்று தடவை இழுத்துவிட்டு, சொந்த வீடாக இருந்தாலும் முறைக்குத் தெருவை ஒரு சுற்று சுற்றி வர, வாயை மூடிக்கொண்டு வாசலைத் தாண்டினாள். உள்ளே குழந்தை “அம்மா, போவாத” என்று வீறிட்டது. காந்தா திரும்பிப் பார்த்துவிட்டாள். குழந்தைக்குப் பயத்தில் அழுகை நின்றுபோயிற்று. “திரும்பிட்டியே! திரும்பிட்டியேம்மா! என் கழுத்து இனிமே இப்டியேதான் இருக்குமா?” என்று நடுங்கியது. காந்தா ஓடிவந்து சுடு உப்பு ஒத்தடம் கொடுத்து, முதுகில் தூக்கிக்கொண்டு முற்றத்தில் நாலு சுற்று சுற்றினாள். மறுநாள் கழுத்து தன்னால் சரியாகிவிட்டது. ஊரில் சொன்னால் காலுக்கு மதிப்புப் போய்விடும், யாரிடமும் சொல்லாதே என்று சொன்னதற்குக் குழந்தை பெரிய மனுஷியாட்டம் தலையை ஆட்டியது. சொல்லவும் இல்லை.

பன்னிரண்டு வயதில் அப்பாவும் அம்மாவும் திரும்பி வந்தார்கள். காப்பித் தோட்டத்துப் பணத்தில் தளம் போட்ட வீடு எழும்பியது. சகுந்தலா மகளை உட்கார வைத்து, நான்தான் அம்மா, அது பெரிம்மா என்று திருத்தினாள். தப்பென்று சொல்ல முடியாது. பெற்றவளுக்கு அந்த உரிமை உண்டு. கலைவாணியும் கெட்டிக்காரப் பெண், இரண்டே நாளில் திருந்திக்கொண்டது.

காந்தா வறுத்த உப்பைத் துணியில் கொட்டி முடிச்சுப் போட்டாள். துணி கலைவாணியின் பழைய பள்ளிக்கூடப் பாவாடை, நீலம் போய்ச் சாம்பல் நிறமாகிவிட்டது. மூட்டையைப் பிடரியில் வைத்தபோது, சூடு உள்ளே இறங்கி, இறுகியது லேசாக விட்டுக்கொடுத்தது. தலையை வலப்பக்கம் மெல்லத் திருப்பிப் பார்த்தாள். பாதிவரைக்கும் வந்தது, அதற்குமேல் வரவில்லை. இடப்பக்கம் அந்தப் பாதியும் இல்லை. கொல்லைக்கு அந்தப் பக்கம் மேளக்காரர்கள் தட்டிப் பார்த்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. வெளியே வந்து நின்றால் பந்தலின் பச்சைத் துணி பனிக்குள் தெரியும். எழுந்து வெளியே வரக் கூடாது என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் புருஷோத்தமன் ஓடிவந்தான். புது வேட்டி முழங்கால் வரை பனியில் நனைந்திருந்தது.

“அண்ணி, சீக்கிரம் வா. மாப்பிளைக்குக் கழுத்து புடிச்சிக்கிச்சு.”

காந்தா பிடரியிலிருந்து உப்புமூட்டையை எடுக்கவில்லை. “இன்னாது?”

“ராத்திரி நாற்காலியிலியே தூங்கிட்டுக்கீறாரு. குளுரு வேற. காலைலேர்ந்து தல இப்டி எடப்பக்கமாவே நின்னுபோச்சு. திருப்பினா கத்துறாரு. முகூர்த்தத்துக்கு நேரமாவுது, வா அண்ணி, உன் கால்ல வேணா வுழறேன்.”

என் கால் வேண்டும், நான் வேண்டாமா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. ஆனால் பொண்ணுக்குக் கல்யாணம் நடக்க வேண்டும். அதோடு, கூப்பிட்ட இடத்தில் வேலை முடிந்தபின் எப்படியும் பந்தலைத் தாண்டித்தானே வர வேண்டும் என்று ஒரு நப்பாசையும் இருந்தது. வேலை முடிந்தால் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது அந்த அவசரத்தில் அவளுக்கே ஞாபகம் இல்லை. விளக்கெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள். உப்புமூட்டையையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

புருஷோத்தமன் அவளைப் பந்தல் வழியாக அழைத்துப் போகவில்லை. அடுப்பு மூட்டிச் சமைக்கும் இடத்தைச் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனார்கள். மதில் மேல் ஒரு தலையணை கிடந்தது. கழுத்து பிடித்தால் தலையணையை வெயிலில் வைக்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தை மாத மூடுபனியில் வெயிலுக்கு எங்கே போவது? தலையணை முன்னைவிட ஈரமாகிக் கிடந்தது.

பின்னறையில் மாப்பிள்ளை ராஜேஷ் பட்டு வேட்டியும் பனியனுமாக உட்கார்ந்திருந்தான். முகவாய் இடது தோளைத் தொட்டுக்கொண்டு நின்றது. நல்ல பையன் போலத்தான் தெரிந்தான், வலியில் கண் கலங்கியிருந்தது. அவன் அம்மா சம்பூர்ணம் பக்கத்தில் நின்று புலம்பிக்கொண்டிருந்தாள்.

“பொண்ணு வலப்பக்கம் ஒக்காருது. இவன் எடப்பக்கம் பாத்துக்கினு ஒக்காந்தா ஜனம் இன்னா பேசும்? மாப்பிளைக்குப் பொண்ணப் புடிக்கல, மூஞ்சியத் திருப்பிக்கினு கீறான்னு தானே பேசும்? போட்டோவுல அப்டியேதானே வுழும்?”

ஜனம் ஏற்கெனவே பேச ஆரம்பித்திருந்தது. பந்தலிலிருந்து அந்த முணுமுணுப்பு உள்ளே வந்துகொண்டுதான் இருந்தது. சகுந்தலா அக்காவின் முகத்தைப் பார்க்காமல் அவள் காலைப் பார்த்தாள்.

“யாராவது திருப்பினாங்களா?” என்று காந்தா கேட்டாள்.

“வேன் டிரைவர் ஒரு சொடக்கு எடுத்துப் பாத்தாருங்க” என்றான் ராஜேஷ். “அதுக்கப்புறம்தான் ஜாஸ்தியாயிடுச்சு.”

“வண்டிய ஓட்டுன்னா கழுத்த ஓட்டுனானா” என்றாள் காந்தா. மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்து வலித்தது.

சம்பூர்ணம் சிரிக்கவில்லை. காந்தாவிடம் பேசாமல் சகுந்தலாவிடம் சொன்னாள். “மஞ்சத் தண்ணியில கால கழுவச் சொல்லுங்க.” காந்தா கழுவினாள். மாப்பிள்ளை பாயில் குப்புறப் படுத்ததும் சம்பூர்ணம் ஒரு புதுத் துண்டைப் பிரித்து அவன் பிடரியில் போர்த்தினாள். “துண்டு மேலயே பண்ணட்டும். இன்னிக்கு அவன் மணையில ஒக்காரப்போறவன். வெறும் ஒடம்புல வேணாம்.”

சகுந்தலா வாயைத் திறப்பாள் என்று காந்தா ஒரு கணம் காத்திருந்தாள். சகுந்தலா துண்டின் ஓரத்தைச் சரிசெய்து விட்டாள்.

ஊரில் அத்தனை கழுத்தும் காந்தாவின் பாதத்தை நேராக வாங்கிக்கொண்டவைதான். வேலியைப் பிடுங்கியவன்கூடத் துணி போட்டு மூடிக்கொள்ளவில்லை. “துணி மேல கால் வெச்சா முடிச்சு எங்க கீதுன்னு எனுக்கு எப்டித் தெரியும்?” என்று கேட்டுவிட்டுக் குனிந்து துண்டை எடுத்து ஓரமாகப் போட்டாள். குனிந்ததில் அவள் பிடரி சுண்டி இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உப்புமூட்டையை மாப்பிள்ளையின் கழுத்தில் வைத்தாள். சம்பூர்ணம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணால் பார்க்காவிட்டால் தோஷம் இல்லை என்று கீழே ஏதாவது சட்டம் இருக்கும்.

கொஞ்ச நேரம் ஒத்தடம் கொடுத்தாள். அடுத்த அறையில் பெண்ணை அலங்கரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு கதவுதான். வளையல் சத்தம் கேட்டது. “அம்மா, பூவு இன்னும் வர்ல பாரு” என்று கலைவாணியின் குரல் வந்தது. காந்தாவின் உடம்பு அந்தப் பக்கம் அசைந்தது. அசைந்தபிறகுதான், கூப்பிட்டது தன்னை அல்ல என்று அதற்குப் புரிந்தது. சகுந்தலா “தோ வர்றேம்மா” என்று குரல் கொடுத்தாள், ஆனால் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

காந்தா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எண்ணெய் தொட்ட பாதத்தை மாப்பிள்ளையின் பிடரியில் வைத்தாள். பாரம் போடாமல் வைக்க வேண்டும், அதுதான் வித்தை. பெருவிரலுக்கு அடியில் முடிச்சு தெரிந்தது, புளியங்கொட்டை அளவு. முதல் இழுப்பு. மாப்பிள்ளை ஸ்ஸ் என்றான். அடுத்த இழுப்பில் அவன் மூச்சு நீளமாக வெளியே வந்தது. வலி குறைந்த சந்தோஷத்தில் அவனுக்குப் பேச்சு வந்துவிட்டது.

“கலை சொல்லியிருக்குதுங்கம்மா உங்களப் பத்தி.”

காந்தாவின் கால் பிடரி மேலேயே நின்றது. ஒன்பது வருஷமும் ஓடையும் மழையும் ஒரு நொடியில் நெஞ்சுக்கு வந்து முட்டின. பொண்ணு மறக்கவில்லை. “இன்னா சொல்லிச்சு மாப்ள?”

“எங்க ஊர்ல சுளுக்கெடுக்குற அம்மா ஒருத்தங்க இருக்காங்க, காலாலயே எடுத்துடுவாங்கன்னு. போன்ல சொல்லிச்சு. நான் நம்பவே இல்ல.”

“வேற?”

அவன் யோசித்தான். “வேற ஒண்ணும் சொல்லலீங்களே.”

காந்தா தங்கச்சியைப் பார்க்கவில்லை. கழுத்து அந்தப் பக்கம் திரும்பாது, திரும்பினாலும் பார்த்திருக்க மாட்டாள். காலடியில் ஒரு மெல்லிய கழுத்து, சூடாக, நம்பிக்கையோடு கிடந்தது. சொல்லிவிடலாமா? உன் பெண்டாட்டியை ஒன்பது வருஷம் முதுகில் சுமந்தவள் நான் என்று இவனுக்குச் சொல்லிவிடலாமா? சொல்வதென்றால் இப்போதே சொல்ல வேண்டும். மூன்றாவது இழுப்பு முடிந்தால் வாயை மூடியாக வேண்டும். சகுந்தலாவுக்கும் அது தெரியும். “அக்கா, நேரமாவுது” என்றாள். அது கெஞ்சலா, அதட்டலா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு குரல்.

சொன்னால் இவன் என்ன செய்வான், ஏன் சொல்லவில்லை என்று கலைவாணியைக் கேட்பான். அதுவும் இன்றைக்குக் கேட்பான். தாலி கட்டுகிற நாளில் அந்தப் பெண் முகம் சுண்ட வேண்டுமா? காந்தாவுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. கலைவாணி மேல்கூட அல்ல. இவ்வளவு ஆனபின்னும் அந்தப் பெண்ணின் முகம் சுண்டக் கூடாது என்று நினைக்கிற தன் மேலேயே கோபம் வந்தது. மூன்றாவது இழுப்பை இழுத்தாள். எப்போதையும்விட மெதுவாக, தோள்பட்டை எலும்பு வரைக்கும் இழுத்து, காலை எடுத்துவிட்டாள்.

மாப்பிள்ளை எழுந்து உட்கார்ந்தான். தலை முக்கால்வாசி நேருக்கு வந்திருந்தது. மூன்று நாளைக்கு வெடுக்கென்று திருப்பாதே, உயரத் தலையணை வைக்காதே என்று சொல்ல வேண்டும். சொல்ல முடியாது. சம்பூர்ணம் “என் சாமி” என்று மகனைக் கட்டிக்கொண்டாள். அப்புறம் முகத்தைத் திருப்பாமலேயே, “அவங்களுக்குச் சாப்பாட்ட பார்சல் கட்டிக் குடுத்துடுங்க” என்றாள்.

காந்தா பின்வாசல் வழியாக இறங்கினாள். வரப்பில் கால் வைக்கும்போது சகுந்தலா ஓடிவந்தாள். ஒரு கையில் வாழை இலைப் பொட்டலம், இன்னொரு கையில் உப்புமூட்டை. இரண்டையும் பின்னாலிருந்தே அக்காவின் கைகளில் திணித்தாள். அக்கா பேச முடியாது, திரும்பவும் முடியாது என்ற தைரியத்தில் அவளுக்கு உண்மை வந்தது.

“கோச்சிக்காத அக்கா. சம்பந்தியம்மா மட்டும் இல்ல. நானுந்தான். அது ஒடம்பு சரியில்லாம படுத்தா இன்னும் தூக்கத்துல உன்னத்தான் கூப்புடுது. இன்னிக்கு ஒரு நாளு நான் மட்டும் அம்மாவா இருந்துக்கறேன். ஒரே ஒரு நாளு. நீ திரும்பிப் பாக்காம போய்டு. என் பொண்ணு வாழ்க்கக்கா.”

காந்தாவுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. திறக்கக் கூடாத வாய்க்குள் அது அத்தனையும் கிடந்து கசந்தது. நடந்தாள். பின்னால் தங்கச்சியின் கொலுசு பந்தலை நோக்கி ஓடும் சத்தம் கேட்டது.

அறுத்த சாமைத் தாள் காலில் குத்தியது. எண்ணெய்ப் பாதத்தில் மண் ஒட்டிக்கொண்டு வந்தது. பனி விலகத் தொடங்கியிருந்தது. நேரமில்லை என்று சடங்குகளைச் சுருக்கிவிட்டார்கள் போல, கழுத்து குலுங்காமல் மெல்ல நடந்து அவள் பாதிக் கொல்லை தாண்டியபோதே பின்னால் ஒரு குரல் “கெட்டிமேளம், கெட்டிமேளம்” என்று கத்தியது. மேளமும் நாயனமும் ஒரேயடியாக உயர்ந்தன.

இப்போது கட்டுகிறான். இந்த நிமிஷம். இன்னும் நாலு எட்டு வைத்தால் அது முடிந்துபோகும்.

திரும்பினால் ஒன்றும் ஆகாது என்று அவளுக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாது. இப்போது அவள் திரும்புவதை ஒருத்தர் பார்த்தாலும் போதும். இனி இந்தக் கல்யாணத்தில் எது கெட்டாலும், பிள்ளை இரண்டு வருஷம் தள்ளிப் போனாலும், உரக்கடையில் வியாபாரம் படுத்தாலும், அன்றைக்கு அவள் திரும்பிப் பார்த்தாள் என்பார்கள். வாழ்நாள் முழுக்கச் சொல்வார்கள். இல்லை, அது பொய், எனக்கு ஆறு வயதில் திரும்பிப் பார்த்தாள், ஒன்றும் ஆகவில்லை என்று சொல்ல இந்த உலகத்தில் ஒருத்தி இருக்கிறாள். சொல்வாளா?

கழுத்தைத் திருப்பினாள். வரவில்லை, ஒரு விரல்கடைகூட வரவில்லை. கழுத்து பிடித்தவர்கள் பக்கத்தில் இருப்பதைப் பார்க்க வேண்டுமென்றாலும் முழு உடம்பையும் திருப்பியாக வேண்டும். பேச்சுவாக்கில் திரும்பிவிட்டேன், தெரியாமல் பார்த்துவிட்டேன் என்று சாக்குச் சொல்ல வழியே இல்லை. மேளம் காதைப் பிளந்தது. காந்தா பொட்டலத்தை வரப்பில் வைத்தாள். உப்புமூட்டை கையிலேயே இருந்தது. வலது காலை மெதுவாக மண்ணில் திருப்பினாள். பிறகு இடது கால், இடுப்பு, தோள். கடைசியாக அசையாத தலையும் அவற்றோடு சேர்ந்து திரும்பியது.

முதுகுகள் தெரிந்தன. பந்தல் நிறைய, மணையைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு, பட்டும் வேட்டியும் கம்பளிச் சட்டையுமாக ஊரின் முதுகுகள். பெண்ணும் தெரியவில்லை, மாப்பிள்ளையும் தெரியவில்லை. கைகள் உயர்ந்தன, மஞ்சள் அரிசி தலைகளுக்கு மேலே எழும்பி விழுந்தது. அத்தனை முதுகுகளுக்கு நடுவில் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு ஒரே ஒரு முகம் இருந்தது. மணையை ஒட்டி நிற்க வேண்டிய சகுந்தலா, பந்தலின் கடைசிக் காலைப் பிடித்துக்கொண்டு, அக்கா திரும்புகிறாளா என்று கொல்லையைப் பார்த்து நின்றிருந்தாள். அவள் கையில் போடாத அரிசி அப்படியே இருந்தது.

மேளம் இறங்கி நின்றது. இரண்டு பேரும் அசையவில்லை. காந்தாவின் கையில் உப்புமூட்டை இன்னும் கொஞ்சம் சூடாக இருந்தது.